மாமியார் வண்டி

எந்த வண்டி வேண்டுமானாலும் மக்கர் பண்ணலாம், மாமியார் வண்டி மட்டும் பண்ணக் கூடாது. ஸ்பேனர் பிடித்த எவனுக்கும் இது தெரியும். நம் மாப்பிள்ளைக்கும் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மாமியார் நர்ஸ். சர்வீஸ் முழுக்க ஆபரேஷன் தியேட்டரிலேயே கழித்து ஓய்வு பெற்றவர். இப்போது வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் கட்டுகிறார், ஊசி போடுகிறார். அந்த டீசல் கார் இல்லாவிட்டால் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி. மகளை ஒரு மெக்கானிக்குக்குக் கட்டிக்கொடுத்த பிறகும், வண்டியை மட்டும் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஒர்க் ஷாப்புக்குத்தான் ஓட்டிக்கொண்டு போனார். போகிற வழியில்தான் மருமகனின் ஷெட். அதைத் தாண்டும்போது மறக்காமல் ஹாரன் அடித்துக் கையசைப்பார். அவனும் பல்லைக் காட்டிக் கையசைப்பான். உள்ளுக்குள் மட்டும் சுருக்கென்று தைக்கும்.

வண்டி புகை கக்கிக் குலுங்க ஆரம்பித்ததும் மகள் விடவில்லை. ஊரார் வண்டியெல்லாம் பார்க்கிறவர் உன் வண்டியைப் பார்க்கக் கூடாதா என்று அம்மாவிடம் மல்லுக்கு நின்றாள். மாமியார் ஒருவழியாக இறங்கி வந்தார். ஆனால் ஒரு தடவைதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சரிப்படாவிட்டால் பழையபடி பெரிய ஒர்க் ஷாப், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

என்ஜினுக்குள் டீசலைத் தூறலாகத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் நான்கும் தேய்ந்து போயிருந்தன. புதியதை வாங்கி மாட்டினான். கையோடு டீசல் ஃபில்டரையும் மாற்றினான். மாமியார் ஷெட்டிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்தார், அழுக்குத் துணியைப் பார்த்தார், அவன் நகக்கண்ணைப் பார்த்தார். அழுக்கு என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நடுவில் அவன் சாப்பிடப் போனபோதும் அவர் எழுந்திருக்கவில்லை, நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள், வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

சாப்பிட்டு வந்து எல்லாவற்றையும் பூட்டி, சாவியைத் திருகினான். என்ஜின் கரகரவென்று சுற்றியது, பிடிக்கவில்லை. இன்னொரு தடவை திருகினான். அதே கரகர. இதெல்லாம் சகஜம், பைப்பில் காற்று புகுந்திருக்கும் என்று மாமியாரிடம் தைரியமாகச் சொல்லிவிட்டு, ஃபில்டர் மேல் இருக்கும் கைப்பம்பை அமுக்கினான். நாலு அமுக்கலிலேயே கல் மாதிரி இறுகிவிட்டது. பம்ப் இறுகினால் டீசல் நிரம்பிவிட்டது, காற்று போய்விட்டது என்று அர்த்தம். அத்தனை சீக்கிரம் இறுகாதே என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். நம் மாப்பிள்ளைக்கு அவசரம், சந்தோஷப்பட்டுக்கொண்டான்.

அப்புறமும் பிடிக்கவில்லை. பேட்டரி நன்றாக இருந்தது. புதிய இன்ஜெக்டர்களின் நம்பரை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றியதையும் சரிபார்த்தான், தப்பில்லை. கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டி என்ஜினைச் சுற்றவிட்டால் டீசல் பிரஷர் எழும்பவே இல்லை. ஒன்று, புது இன்ஜெக்டரில் ஏதோ ஒன்று ஒழுகித் திருப்பி அனுப்புகிறது. இல்லாவிட்டால் இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் பெரிய பம்பே போய்விட்டது. காலையில் ஓடி வந்த வண்டி. அதன் பம்ப் சாயங்காலம் போய்விட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது?

மாமியார் எழுந்து வாசலுக்குப் போனார். நாளைக்குக் காலையில் மூன்று வீடு போக வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பெரிய ஒர்க் ஷாப்புக்கு போன் போட்டார். கட்டி இழுத்துப் போக ஆள் அனுப்புகிறார்களாம். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

கடைசி முயற்சியாக, ஒழுகுவது எது என்று பார்க்க நான்கு இன்ஜெக்டரின் திரும்பும் குழாயிலும் சின்னச் சின்ன பாட்டில் மாட்டிச் சுற்றவிட்டான். எது நிரம்புகிறதோ அதுதான் திருடன். நான்கிலும் ஒரு சொட்டுகூட இல்லை.

ஒழுகுவதற்கே டீசல் வந்து சேரவில்லை என்றால் கோளாறு இன்ஜெக்டரில் இல்லை, டீசல் வரும் வழியில் இருக்கிறது. ஃபில்டரிலிருந்து பெரிய பம்புக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, முனையைக் கீழே பிடித்துக்கொண்டு கைப்பம்பை அமுக்கினான். பம்ப் இறுகியது, ஹோஸில் ஒன்றும் வரவில்லை. அப்படியானால் அது நிரம்பி இறுகவில்லை, போக வழியில்லாமல் இறுகியிருக்கிறது. ஹோஸின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, நீள மூக்குக் குறடை உள்ளே விட்டு இழுத்தான். டீசலில் ஊறிய பஞ்சு வந்தது. சுத்தமாக உருட்டி, விரல் ஆழத்துக்குத் திணித்து, வெளியே ஒரு பிசிறு தெரியாமல் வைத்த ஆஸ்பத்திரிப் பஞ்சு. அரைகுறையாக வைத்திருந்தால் அவன் கண்ணில் பட்டிருக்கும். அவன் ஹோஸைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில், திறந்து கிடக்கும் வாயைப் பார்த்தால் மூடாமல் இருக்க முடியாத கை ஒன்றுதானே அங்கே இருந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது அவனுக்கு. சொன்னால் மாமியார் மனசு நோகும், சொல்லாவிட்டால் தன் பேர் போகும். பஞ்சைக் கைக்குள் மூடிக்கொண்டு, "காத்துதான் அத்தை, இப்ப சரியாயிடும்" என்றான்.

"கையத் திறங்க, மாப்பிள்ளை."

திறந்தான். மாமியார் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"தூசி போகக் கூடாதேன்னு வச்சேன். தியேட்டர்ல உள்ள வச்ச பஞ்ச எண்ணிப் பாக்காம ஒரு வயித்த மூட விட்டதில்ல நான். இன்னைக்கு நானே உள்ள விட்டுட்டேனே."

"உள்ள பாக்காம மூடினவன் நான் அத்தை. பம்ப் அத்தனை சீக்கிரம் இறுகினப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

ஹோஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, கழுவி மாட்டினான். இந்த முறை கைப்பம்ப் மெத்தென்று அமுங்கியது, வெகுநேரம் குடித்துக்கொண்டே இருந்து மெல்ல மெல்ல இறுகியது. சாவியைத் திருகினான். என்ஜின் இருமியது, வெள்ளைப் புகை விட்டது, ஒற்றைக்காலில் நொண்டியது. பிறகு நான்கு சிலிண்டரும் சேர்ந்து பிடித்துக்கொண்டு ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. பானெட் மேலேயே தலையைக் கவிழ்த்துக் கொஞ்ச நேரம் கிடந்தான். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

அந்த நேரம் பார்த்து இழுவை வண்டி வந்து நின்றது. இறங்கிய ஆள், ஓடிக்கொண்டிருக்கிற வண்டியையும் அந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன கோளாறு என்று கேட்டான். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"கோளாறு என்கிட்டதான் இருந்துச்சு. எங்க மாப்பிள்ளை கண்டுபிடிச்சுட்டார். உங்களை வீணா அலைய வச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க. இனிமே இந்த வண்டி அங்க வராதுன்னு முதலாளிகிட்ட சொல்லிடுங்க."