நாகேஸ்வரியின் புள்ளடி

குலசேகரம் அண்ணையின் தலையில் சாயத்தைப் பூசி முடித்துக் கிண்ணத்தைக் கழுவத் திரும்பியபோதுதான் அவருடைய போன் அடித்தது. அவர் எழுந்து போய் எடுக்க முடியாது. கழுத்தில் பிளாஸ்டிக் துணி, நெற்றியோரமெல்லாம் கறுப்பு, மீசைக்குத் தனிப் பூச்சு. சாயம் பிடிக்கும்வரை கதிரையை விட்டு எழும்பக் கூடாது என்பது என் சலூனின் சட்டம். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் யாரும் மீறாத சட்டம் அது ஒன்றுதான். ஆகவே போனை எடுத்து, அவர் கேட்டபடி ஸ்பீக்கரில் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்தவன் நான். பிறகு நடந்ததில் என் பங்கு அவ்வளவுதான்.

அன்று 2009 ஒக்டோபர் இரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை. அயர்லாந்தில் வாக்கெடுப்பு. லிஸ்பன் ஒப்பந்தம் என்று ஒன்று. ஐரோப்பிய நாடுகள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருவதா வேண்டாமா என்பது கேள்வி. மற்ற நாடுகளில் பாராளுமன்றங்கள் கையைத் தூக்கி வேலையை முடித்துவிட்டன. அயர்லாந்து மட்டும் தன் சனத்திடம் கேட்டாக வேண்டும். போன வருஷம் கேட்டார்கள். சனம் வேண்டாம் என்றது. சில உத்தரவாதங்களைக் கொடுத்துவிட்டு இப்போது திரும்பவும் கேட்கிறார்கள். ஐம்பது கோடிப் பேரை ஏற்றிய வண்டி, முப்பது லட்சம் வாக்காளர்களின் படலையடியில் எஞ்சினை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தது.

பாரிஸில் தலைமயிர் வெட்டும் எனக்கு இதெல்லாம் தெரியக் காரணம் குலசேகரம் அண்ணை. அவர் றுவாசி விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும் ஐரோப்பிய விவகார ஆய்வாளர். சேலைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்து ஒலிபரப்பாகும் இணைய வானொலியில் அவருக்கு ஒரு மணி நேரம் உண்டு. முன்பு அந்த நேரத்தில் ராசிபலன் சொன்னவர் லண்டனுக்குக் குடிபோய்விட்டதால் இடம் காலியானது. இரண்டும் எதிர்காலம் சொல்கிற வேலை என்பதால் நேயர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வானொலியில் முகம் தெரியாது என்று நான் பலமுறை சொல்லியும், நிகழ்ச்சிக்குப் போகுமுன் தலைக்குச் சாயம் பூசாமல் அவர் மேல்மாடி ஏறியதில்லை. குரலில் நரை தெரியும் என்பார்.

அயர்லாந்து மறுபடியும் ‘இல்லை’ என்றே சொல்லும் என்பது அவர் ஆய்வு. சிறிய இனம் பெரிய மேசையில் தலைகுனியாது என்று நாலு வாரமாக முழங்கினார். ஊரில் போர் அழிவோடு முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு, சிறிய இனம் என்ற சொல் எங்கே கேட்டாலும் எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம்தான் நிற்பார்கள். ஆகவே யாரும் குறுக்கே பேசவில்லை. அதில் உற்சாகம் கூடி, முந்தின வெள்ளிக்கிழமை ஒரு படி மேலே போனார். அயர்லாந்தில் வாக்குரிமை பெற்ற தமிழர்கள் தன் வழிகாட்டலின்படியே வாக்களிப்பார்கள் என்று நம்பத்தகுந்த வட்டாரம் உறுதிப்படுத்தியிருப்பதாக ஒலிவாங்கியில் அறிவித்தார். அந்த வட்டாரத்தின் பெயர் நாகேஸ்வரி. அவருடைய தங்கச்சி.

நாகேஸ்வரி அயர்லாந்தின் மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். அவளை நாட்டைவிட்டு வெளியே எடுத்தவர் அண்ணன். மாப்பிள்ளை பார்த்தவர் அண்ணன். பிள்ளைக்குப் பெயர் வைத்தவரும் அவரே. அவள் வீட்டு வரவேற்பறைக்கு எந்த நிறத் திரைச்சீலை என்றுகூடப் போனில் கேட்டுத்தான் வாங்குவாளாம். உடன்பிறந்தவர்களில் அவருக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்தி. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. அந்த வசந்தத்தில் அவளுக்கு ஐரிஷ் குடியுரிமை கிடைத்தது. இதுதான் அவளுடைய வாழ்நாளின் முதல் வோட்டு. ஊரில் அவளுக்கு வாக்களிக்கும் வயது வந்தபோது தேர்தல் நடக்கவில்லை. நடந்தபோது போகப் பயம். வாக்குச்சீட்டில் புள்ளடியை, அந்தக் குறுக்குக் கோட்டை, எந்தக் கட்டத்தில் போட வேண்டும் என்று அண்ணன் பல தடவை சொல்லிக்கொடுத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அவள் “ஓம் அண்ணை” என்றிருந்தாள். வோட்டுப் போட்டதும் போன் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் ஏற்பாடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு மாலை நிகழ்ச்சியைத் தொடங்குவது அவர் திட்டம்.

பக்கத்துக் கதிரையில் ழான்-லூக் இருந்தார். புதுச்சேரிக்காரர், தபால் இலாகாவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், காதோரத்து மயிரை மட்டும் வெட்டுவதற்காக வருகிறவர். போன் அடிப்பதற்குச் சற்று முன்புதான் குலசேகரம் அண்ணையின் முழக்கத்தைக் கேட்டுக் கண்ணாடிக்குள் சிரித்தார்.

“பிரான்ஸ்ல நம்மளயும் ரெண்டாயிரத்தி அஞ்சுல இதையே கேட்டாங்க மிஸ்யே. நோன்னு சொன்னோம். அப்புறம் பார்லமானுக்குள்ள போய் அவங்களே முடிச்சுக்கிட்டாங்க. அயர்லாந்துக்காரன் கொடுத்து வச்சவன், ரெண்டாந்தடவையும் வீட்டுக்கு வந்து கேக்கறாங்க. அது சரி, நீங்க கடைசியா எப்ப வோட்டுப் போட்டீங்க?”

குலசேகரம் அண்ணை பிரெஞ்சுக்காரராகி எட்டு வருஷம். வாக்காளர் அட்டை டிவி அலுமாரியின் லாச்சியில், உத்தரவாதக் காலம் முடிந்த மிக்சியின் காகிதங்களோடு படுத்திருக்கிறது. தனக்கு இங்கே நேரமில்லை, அதோடு எங்களுக்காக அங்கே யார் நிற்கிறார்கள் என்று ஏதோ சொல்லித் தலையைத் திருப்பப் பார்த்தார். சாயம் வழியும் என்று நான் தலையைப் பிடித்து நேராக்கினேன். அப்போதுதான் போன் அடித்தது.

போட்டாயிற்று, வாக்கெடுப்பு நடக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து இப்போதுதான் வெளியே வருகிறேன் என்றாள் நாகேஸ்வரி. காற்று இரைந்தது. அண்ணன் கண்ணாடியில் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். காத்திருந்தவர்கள் பேப்பரை மடித்தார்கள்.

“அப்ப நான் சொன்ன மாதிரித்தானே, பிள்ளை? வடிவாச் சொல்லு. இஞ்சை எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கினம்.”

 அவள், “அது சொல்லுறேல்லை அண்ணை,” என்றாள்.

“என்ன சொல்லுறேல்லை? நான் உன்ர அண்ணன்.”

“ஓம். அண்ணனுக்கும் சொல்லுறேல்லை.”

யாரோ இருமினார்கள். குலசேகரம் அண்ணையின் மீசைச் சாயம் உதட்டை நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது. நான் துடைக்கப் போகவில்லை. அவள் கோபமாகப் பேசவில்லை. பயந்துகொண்டே பேசினாள், ஆனால் நிறுத்தவில்லை. அந்த ஊரில் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் ஓமென்று ஒரு பிரச்சார மட்டை, அதற்குக் கீழே இல்லையென்று ஒரு மட்டையாம். வேலைத்தலத்தில் தேநீர் நேரம் முழுக்க இதே கதையாம். ஒருத்திக்குப் பால் விலை, ஒருத்திக்கு மகனைப் பட்டாளத்துக்குப் பிடித்துவிடுவார்களோ என்ற பயம், ஒருத்தியின் புருஷனுக்கு வங்கிகள் விழுந்ததோடு வேலை போய்விட்டது. அவள், ஐரோப்பாவை விட்டால் கதி இல்லை என்கிறாள். ஒருதரம் சொன்ன பதில் அரசாங்கத்தின் காதில் விழவில்லையா என்று கேட்கும் சமையல்காரியும் உண்டு. கத்துவார்களாம், பிறகு கோப்பையைச் சேர்ந்து கழுவுவார்களாம். கடைசியில் எந்தப் பக்கம் போட்டாய் என்று மட்டும் ஒருத்தி மற்றவளைக் கேட்க மாட்டாளாம்.

அவள் பராமரிக்கும் கட்டிலில் மிஸஸ் டோலன் என்று ஒரு கிழவி. போன வருஷம் ‘இல்லை’ போட்டவ. வாசிக்காத காகிதத்தில் கையெழுத்து வைக்கிற பழக்கம் இல்லை என்று எல்லோருக்கும் தானாகவே சொல்லித் திரிந்தவ. இந்த வருஷம் வீடு வீடாக வந்த விளக்கப் புத்தகத்தை நாகேஸ்வரியைக் கொண்டு பின்னேரங்களில் வாசிப்பித்திருக்கிறா.

“எனக்கும் விளங்கேல்லை, அவவுக்கும் விளங்கேல்லை. ஆனா அவ விடேல்லை. திருப்பி வாசி, திருப்பி வாசி எண்டு. போன கிழமை அவவிட்ட வோட்டுப் பெட்டி வந்தது, அண்ணை. எழும்பேலாத ஆக்களுக்குக் கட்டிலடிக்குக் கொண்டு வருவினமாம். ஒரு அதிகாரி, கூட ஒரு பொலிஸ். நான் பொலிஸைக் கண்டவுடனை கட்டிலுக்குப் பின்னால போய் நிண்டனான். உங்களுக்குத் தெரியும்தானே. மிஸஸ் டோலன் என்னை வெளியில போகச் சொன்னவ. நான்தான் அவவைக் குளிக்க வாக்கிறது. அவவின்ர உடம்பில நான் காணாத இடம் ஒண்டும் இல்லை. ஆனா அந்தப் புள்ளடி போடேக்க நான் நிக்கக் கூடாதாம். கதவுக் கண்ணாடியால பாத்தனான். அந்தப் பொலிஸ்காரன், தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு, அவவின்ர கையைப் பாக்கக் கூடாதெண்டு சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டவன்.”

 வெளியே வடக்கு நிலையத்துக்குப் போகும் ரயில்கள் கடப்பது கேட்டது. நாங்கள் எல்லோரும் ஒரு கட்டிலையும் ஒரு சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தோம். வீடு தேடிப் பொலிஸ் வந்த கதை அங்கே இருந்த ஒவ்வொருவரிடமும் ஒன்றாவது இருந்தது. வந்தவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற கதை ஒருவரிடமும் இல்லை.  ழான்-லூக் கழுத்துத் துணிக்குள்ளிருந்து கையை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.

“இண்டைக்கு என்ர கையில பென்சிலைத் தந்தவை, அண்ணை. அதை நூலில கட்டி வைச்சிருக்கினம். நான் கனநேரம் நிண்டனான். நீங்கள் சொன்னதையும் யோசிச்சனான், நானும் யோசிச்சனான். அதுக்கு மேல கேக்காதேங்கோ.”

குலசேகரம் அண்ணை கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். அந்தக் கோலத்தில் எந்த மனிதனும் தன்னைப் பார்க்கக் கூடாது. “இனி எனக்குப் போன் எடுக்காதை,” என்றார். துண்டித்தது யார் என்று தெரியவில்லை. அவருக்குக் கை எட்டாது, நான் தொடவில்லை.

அன்று சாயத்துக்கு நேரம் பார்க்க நானே மறந்தேன். கழுவியபோது சாயம் ஏறிப் போயிருந்தது. கழுத்தைச் சுற்றிப் பூனை படுத்த மாதிரி ஒரு கறையோடு மேல்மாடி ஏறினார். வட்டாரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரமும் கிரேக்கப் பொருளாதாரம் பேசினார். மறுநாள் மூன்றில் இரண்டு பங்கு ஓம் என்று முடிவு வந்தது. அதை வரலாற்றின் தற்காலிகத் தடுமாற்றம் என்று அடுத்த வாரம் விளக்கினார். சமையல்காரியும் வேலை போனவனின் பெண்சாதியும் அந்த மூன்றில் இரண்டுக்குள் வந்தார்களா, வெளியே நின்றார்களா என்பதை எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஆடையை அவிழ்க்க ஒரு கையை நம்பியிருந்த கிழவி அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் என்று அந்தக் கைக்கே தெரியாது.

அதன் பிறகு நாகேஸ்வரியிடமிருந்து போன் வரவில்லை. அவள் சொல் கேட்கிறவள்; எடுக்காதே என்றால் எடுக்க மாட்டாள். குளிர்காலம் முழுவதும் அவர் போனைத் துணிக்கு மேலே, மடியில் வைத்துக்கொண்டே கதிரையில் இருந்தார். நத்தார்ப் பண்டிகையும் தைப்பொங்கலும் போயின. சாயம் வேண்டாம், வெட்டினால் போதும் என்றார். வகிட்டில் வெள்ளை அகலமாகிக்கொண்டு வந்தது. ஒருநாள் ழான்-லூக்கும் இருந்தபோது, எதையோ படித்துக்கொண்டிருந்த குலசேகரம் அண்ணை தலையைத் தூக்காமல் கேட்டார்:

“அந்தக் கிழவி வயசுபோன மனிசி. படுக்கையில கிடக்கிறா. அவவிட்ட என்னத்துக்குப் பொலிஸ்?”

“பெட்டிக்குக் காவல். அந்தம்மா போட்டதை யாரும் பாத்துடக் கூடாது, மாத்திடக் கூடாது, அதுக்குத்தான்,” என்றார் ழான்-லூக்.

“ஒரு மனிசிக்காகவோ?”

“ஒரு மனுஷிக்காகத்தான்.”

குலசேகரம் அண்ணை தலையாட்டினார். அடுத்த முறை வந்தபோது அதே கேள்வியை என்னிடம் தனியாகக் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்றில்லை. இன்னொருமுறை கேட்க விரும்பினார் போலிருந்தது.

மார்ச் மாதம் இங்கே பிராந்தியத் தேர்தல். யார் நிற்கிறார்கள், எதற்கு நிற்கிறார்கள் என்று பாதிப் பாரிஸுக்குத் தெரியாது. ஞாயிறு காலை வோட்டுப் போட எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்கு நான் போனபோது ழான்-லூக் மேசைக்குப் பின்னால் கழுத்துப் பட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் அவருக்கு இந்த வேலை. எனக்கு முன்னால் குலசேகரம் அண்ணை, வானொலிக்குப் போடும் அதே கோட்டில். தலை முழு நரை. அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

மேசையில் கட்சிகளின் சீட்டுகள் அடுக்கியிருந்தன. எதைத் தேர்ந்தாய் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாமலிருக்க ஒன்றுக்கு மேல் எடுக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்தார். ஒரு கட்சியையும் விடவில்லை. ஒன்றை மட்டும் இடுவதற்கான உறையும் அந்தக் கட்டுமாகத் திரைக்குள் போனார். திரை முழங்கால் வரைதான். கீழே அவருடைய மினுக்கிய சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன.

அவை அசையவில்லை. வரிசை நீண்டது. குழந்தையோடு வந்த பெண் ஒருத்தி பெருமூச்சு விட்டாள். உள்ளே காகிதம் மடிக்கும் சத்தம் வந்தது, நின்றது, திரும்ப வந்தது. அவர் ஊகிக்கவில்லை, அறிவிக்கவில்லை. வாய் திறவாமல் இத்தனை நேரம் அவரை நான் பார்த்ததில்லை. ஒரு சப்பாத்து மற்றதன் மேல் ஏறி, மெல்ல இறங்கியது. மேசைத் தலைவி கடிகாரத்தைப் பார்த்து எழும்பப் போனாள். ழான்-லூக் அவள் கையைத் தொட்டு பிரெஞ்சில் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். பிறகு, எனக்கென்னவோ, அந்த மேசையிலிருந்த எல்லோரும் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

உறையைப் பெட்டிக்குள் விட்டபோது அவர் பெயரை ழான்-லூக் ஒரு எழுத்தும் சிதையாமல் வாசித்தார். வாக்களித்துவிட்டார் என்று தலைவி உரக்கச் சொன்னாள். அவர் வாக்காளர் அட்டையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் என் வேலையை முடித்து வந்தபோது பள்ளிக்கூட மதிலோரம் நின்றார். கையில் வெளிநாட்டுக்குப் பேசும் புதுத் தொலைபேசி அட்டை. அயர்லாந்தில் இப்போது ஒரு மணித்தியாலம் குறைவுதானே, எழும்பியிருப்பாளோ என்று கேட்டார். எழும்பியிருப்பாள் என்றேன். எதற்குப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் பெருவிரல் நகத்தால் அட்டையின் வெள்ளிப் பூச்சைச் சுரண்டத் தொடங்கினார். எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தூள் நகத்துக்குள் கொஞ்சம் நின்றது. மிச்சத்தைக் காற்று எடுத்துக்கொண்டு போனது.