ஆவரங்குளத்துக்குப் போன கம்புகள்

ராயப்பன்பட்டி ஏசுதாசனுக்கு மட்டமான வேலையைப் பார்த்தால் வயிற்றைப் புரட்டும். உத்தமபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வேறு யாரோ அவசரத்தில் கட்டித் தள்ளிய மோட்டாரைப் பிரிக்கும்போது, உள்ளே கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால், சோற்றில் மயிரைக் கண்டவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார். "இதுக்குப் பேரு காயிலா? எலி கட்டுன கூடு" என்று சொல்லி எல்லாவற்றையும் அறுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து கட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவருக்கு முல்லையாற்றங்கரைதான். கொச்சிக்குப் போய்வரும் லாரி டிரைவர் ஒருவர் வாங்கி வந்து கொடுத்த ஃபைபர் தூண்டில் கம்பு ஒன்று இருந்தது. ஒருநாள் நல்ல விரால் ஒன்று இரையை எடுத்து இழுக்க, நைலான் நரம்பு ஓடும் வளையம் ஒன்று கம்பை விட்டுப் பிய்த்துக்கொண்டு போனது. மீனும் போச்சு. வளையம் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். நூலை ஏனோதானோவென்று சுற்றி, அதன்மேல் பசையை மூக்குச்சளி மாதிரி அப்பி வைத்திருந்தார்கள். அந்தக் கம்பைக் கையில் பிடிக்கவே கூசியது. அன்றைக்கே மிச்ச வளையங்களையும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, தானே கட்ட உட்கார்ந்தார்.

தூண்டில் கம்பில் வளையம் நிற்பது நூலால்தான். வளையத்தின் இரண்டு கால்களையும் கம்போடு சேர்த்து, இழையும் இழையும் இடிக்காமல், இடைவெளியும் விடாமல், ஒரே இழுப்பில் நூல் சுற்ற வேண்டும். பிறகு அதன்மேல் பசை பூச வேண்டும். முதலில் தொடையில் வைத்து உருட்டிப் பார்த்தார். மனைவி பவுனு நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் தும்மினால் நூல் தொய்ந்தது, அடுப்பைத் திரும்பிப் பார்த்தால் இழை ஏறியது.

"ஏங்க, எனக்கு வேற சோலியே கெடையாதா? மோட்டாருக்கு மிஷின் இருக்குல்ல, இதுக்கும் ஒண்ணச் செஞ்சுக்கிருங்க" என்று கண்டை அவர் மடியில் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

கடையில் இருந்த காயில் மிஷின் ஆள் நீளக் கம்புக்கு ஒத்து வரவில்லை. சின்னமனூரில் மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மிஷின்கள் பழைய இரும்புக்கு வந்திருந்தன. அதில் ஒன்றை வாங்கி, பேப்பரைச் சுமந்துகொண்டு இடமும் வலமும் ஓடுமே, அந்த மேல்பாகத்தை மட்டும் கழற்றினார். அதன்மேல் நூல்கண்டை நிறுத்தியதும் கம்போடு ஒட்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. நூலை இழுத்துப் பிடிக்கத் தையல் மிஷினின் இரண்டு வட்டும் ஸ்பிரிங்கும் போதும். பவுனின் தையல் மிஷின் பக்கம் அவர் கண் போனதைப் பார்த்தவள், "அதுல கைய வச்சீக, அம்புட்டுத்தான்" என்றாள். அதையும் பழைய இரும்புக் கடையிலேயே தேடினார். கம்பு படுக்க மரத்தில் இரண்டு கவட்டை, கம்பின் மேல்பூச்சு தேயாமலிருக்கக் கவட்டைக்குள் வெல்வெட் துணி, காலால் மிதித்தால் சுற்றும் சின்ன மோட்டார். பசை காயும் வரை கம்பு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக வடிந்து தொங்கும். அதற்குத் திருவிழா சீரியல் லைட்டில் கலர் வட்டத்தை மெதுவாகச் சுற்றுமே, அந்த மோட்டார்.

அடுப்படியை ஒட்டிய அறை முழுவதும் பசை நாற்றம். மண்புழு டப்பா ஒருநாள் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து, பவுனு அதைக் கொல்லையில் விட்டெறிந்தாள். ஆனாலும் காய்ந்த கம்பைக் கையில் வாங்கித் தடவியபோது அவளே, "கண்ணாடி வளையல் கணக்கா இருக்கு" என்றாள். கருஞ்சிவப்பு நூல், முடிகிற இடத்தில் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. அது ஏசுதாசன் வேலைக்கு அடையாளமாகிவிட்டது. கம்பத்திலிருந்தும் குமுளியிலிருந்தும் தேடி வந்தார்கள்.

மழை பொய்த்துக்கொண்டே வந்த இரண்டாயிரத்து மூன்றில், மாசி கடைசியில், வைகுண்டராஜ் வந்தார். கம்பத்தில் திராட்சை வியாபாரம் செய்கிறவர். பந்தயம் என்றால் உயிர். மாட்டு வண்டிப் பந்தயம், புறாப் பந்தயம் எல்லாவற்றிலும் அவர் பேர் இருக்கும்.

"இந்த மஞ்சக் கோட்டுக்காரர் நீங்கதானா? எனக்குக் கட்டையா, கனமா நாப்பது கம்பு வேணும். வளையத்துக்கு அடியில ஒரு சுத்து, மேல ஒரு சுத்து. மாட்டப் பூட்டி இழுத்தாலும் கழலக் கூடாது."

"என்ன மீனுக்கு அண்ணாச்சி?"

"பெரிய மீனுக்கு."

ஏசுதாசன் அதற்குமேல் கேட்கவில்லை. மிஷினை எப்படி மாற்றுவது என்பதிலேயே புத்தி போய்விட்டது. பருத்த கம்பு பழைய பிடிக்குள் நுழையாது. பிளாஸ்டிக் குழாயின் கப்ளிங் ஒன்றில் மூன்று போல்ட் இறக்கிப் புதுப் பிடி செய்தார். தடித்த நூலுக்கு இழுப்பு கூட வேண்டும் என்று ஸ்பிரிங்கை மாற்றினார். அவ்வளவு கம்புகளை ஒருசேர அவர் கட்டியதே இல்லை. கடைசிக் கம்பு காய்ந்து இறங்கியபோது அத்தனையையும் சுவரில் சாத்தி வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

சித்திரையில் வைகுண்டராஜ் ஜீப் அனுப்பினார். "ஆவரங்குளத்துல மீன்பிடிப் போட்டி. நீங்க வராம எப்பிடி?"

ஜீப் கரைமேல் ஏறும்போதே ஸ்பீக்கர் அலறியது. ஷாமியானா, நாற்காலிகள், அண்டாவில் பிரியாணி. கண்மாய் வற்றி, நடுவில் ஒரு பள்ளத்தில் மட்டும் செம்மண் குழம்பாகத் தண்ணீர் நின்றது. ஒரு கண்மாய் மீன் முழுவதும் அந்தப் பள்ளத்துக்குள் வந்து அடைந்திருந்தது. மூச்சுக்காக வாயை மேலே நீட்டிக்கொண்டு, முதுகோடு முதுகு உரச, தண்ணீரே தெரியாதபடி கொப்பளித்தது. சுற்றிலும் ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் கருஞ்சிவப்பு நூல், மஞ்சள் கோடு.

பக்கத்தில் நின்றவனிடம் ஏசுதாசன் கேட்டார்: "இரை எங்கப்பா?"

"இரையா? என்னத்துக்கு?" என்று சிரித்தான் அவன்.

நரம்பின் நுனியில் நங்கூரம் மாதிரி மூன்று முள். அதற்குக் கீழே ஈயக் கட்டி. பள்ளத்துக்குள் வீசி, கம்பை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தான். முள் எங்கே மாட்டுகிறதோ அங்கே மாட்டும். ஒரு கட்லாவுக்குக் கண்ணில் மாட்டியிருந்தது. இன்னொன்று விலா கிழிந்து, குடல் பின்னால் கயிறு மாதிரி இழுபட வந்தது. ஒருவன் சினைக்கெண்டையைக் காலால் மிதித்துக்கொண்டு முள்ளைப் பிடுங்கினான். வயிறு பிளந்து மஞ்சள் சினை அவன் விரலிடுக்கில் பிதுங்கியது. அதை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் வீசினான். எடை போட்டதும், பெரிதாக இல்லாததையெல்லாம் கரையில் விசிறினார்கள். அவை மண்ணில் புரண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. நாய்கள்கூடத் தின்று சலித்துப்போய்ப் படுத்திருந்தன.

ஒரு கம்பும் ஒடியவில்லை. ஒரு வளையமும் அசையவில்லை.

"இப்போது, இந்தப் போட்டிக்கென்றே உலகத் தரத்தில் கம்பு தயாரித்துத் தந்த ஏசுதாசன் அவர்களுக்கு அண்ணாச்சி பொன்னாடை போர்த்துவார்" என்றது ஸ்பீக்கர்.

யாரோ தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். சரிகைத் துண்டு கழுத்தில் விழுந்தது. போர்த்திய கையில் மீன்செதில் ஒட்டியிருந்தது. அந்தக் கை அவர் கன்னத்தை உரசியபோது கவிச்சி குப்பென்று ஏறியது. கும்பிடத் தூக்கிய கையாலேயே ஏசுதாசன் வாயைப் பொத்தினார். முடியவில்லை. பொன்னாடைமேலேயே வாந்தி எடுத்தார்.

கூட்டம் சிரித்தது. "வெயிலு ஒத்துக்கிடல" என்றார் வைகுண்டராஜ்.

ஏசுதாசன் துண்டைச் சுருட்டிக் கீழே வைத்தார். "இது மீன்பிடியா அண்ணாச்சி? இதுக்குன்னு சொல்லியிருந்தா நான் ஒரு இழை சுத்தியிருக்க மாட்டேன்."

வைகுண்டராஜ் அவர் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்தினார். "அருவாள அடிச்சுக் குடுத்த கொல்லன், எதை வெட்டுனன்னு வந்து கேப்பானா? பிரியாணி சாப்பிட்டுட்டுப் போங்க."

தோளிலிருந்த கையை ஏசுதாசன் எடுத்துவிட்டார். ஜீப்பில் ஏறாமல் மெயின் ரோடு வரை நடந்தே போய் பஸ் பிடித்தார். வீட்டில் பவுனு கேட்டதற்கு, "கொன்னு போட்டாக" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் வாசலில் சத்தம். ஆவரங்குளத்து மொக்கம்மாளும் இன்னும் சில பெண்களும் மினி லாரியிலிருந்து இறங்கினார்கள். மொக்கம்மாள் தலையில் கூடை. பக்கத்தில் வருவதற்குள்ளேயே பவுனு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மஞ்சக் கோடு போட்டவன் வீடு இதுதானா?"

"என்ன ஆத்தா?" என்று ஏசுதாசன் வெளியே வந்தார்.

"கண்மாய்ல மாடு வாய வைக்க மாட்டேங்குது. ஊருக்குள்ள ஒரு வாய்ச் சோறு எறங்கல. பந்தயம் வச்ச ஆளத் தேடிப் போனா, நான் எடத்துக்குக் காசு கட்டியாச்சு, கம்பு செஞ்சவனப் போயிக் கேளுன்றாரு. இந்தா, ஒம் பங்கு!"

கூடையை வாசலில் கவிழ்த்தாள். மீன் என்று சொல்ல முடியாதபடி ஊதி, வெடித்து, கறுத்த கூழாக வழிந்தது. அதற்குள் வெள்ளைப் புழு திரள் திரளாக நெளிந்தது. பவுனு ஓங்கரித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். எதிர் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள்.

நான் இல்லை, எனக்குத் தெரியாது என்று ஏசுதாசனுக்கு வாய் வரை வந்தது. கீழே கிடந்ததில் ஒரு மீனின் செவுளில் அறுந்த நரம்பும் மூன்று முள்ளும் அப்படியே இருந்தன. மண்வெட்டியை எடுத்து வந்து, வாசலில் கிடந்ததை வாரிப் பழைய டின்னில் போட்டார்.

"லாரிய நிப்பாட்டி வைங்க ஆத்தா. சுண்ணாம்பு வாங்கிட்டு வாரேன்."

ஆவரங்குளத்தில் அன்றைக்கு அவர் செய்தது சொல்லவும் நல்லாயிருக்காது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கரையோரம் குழி வெட்டினார். வெயிலில் பொங்கிக் கிடந்ததை வாரி வாரிக் குழிக்குள் தள்ளினார். மண்வெட்டி படும்போதெல்லாம் வயிறு வெடித்து முகத்தில் தெறித்தது. ஈ மூக்குக்குள் போனது. இரண்டு முறை வாந்தி எடுத்தார். மூன்றாம் முறை எடுக்க உள்ளே ஒன்றுமில்லை. சேற்றுக்குள் கையை விட்டபோது முள் உள்ளங்கையில் ஏறியது. கொக்கி முனை திரும்பியிருந்ததால் பின்னால் இழுக்க வரவில்லை. முன்னால் குத்தி, தோலைக் கிழித்து முனையை வெளியே கொண்டுவந்து, கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு முள்ளை உருவினார். ரத்தத்தைக் கழுவ அங்கே நல்ல தண்ணீர் இல்லை. மொக்கம்மாள்தான் தன் குடத்திலிருந்து ஊற்றினாள்.

"மன்னிச்சுக்கிரு ஆத்தா" என்றார்.

"மன்னிக்கிறதுக்கா தண்ணி ஊத்துனேன்? கையி அழுகிப்போனா குழிய யாரு மூடுவா?" என்றாள் அவள். பெண்கள் கூடை கூடையாகக் கொட்ட, சாயங்காலம் வரை மூடினார்கள். அவ்வளவும் முடிந்தும் பள்ளத்துத் தண்ணீர் பச்சையாகத்தான் கிடந்தது.

வீட்டுக்கு வந்து, உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். நகக்கண்ணிலிருந்து நாற்றம் போகவில்லை. பவுனு பிசைந்து கொடுத்த மோர்ச்சோற்றைக்கூட வாயருகே கொண்டுபோக முடியாமல், ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வைகுண்டராஜ் திரும்பவும் வந்தபோது கையில் ஒரு கம்பு இருந்தது. "நுனி வளையம் லேசா ஆடுது. சரி பண்ணுங்க. அடுத்த போட்டிக்கு இன்னும் கொஞ்சம் முரட்டுக் கம்பா வேணும்."

ஏசுதாசன் கம்பை வாங்கினார். வளையத்துக்கடியில் காய்ந்த செதில் ஒன்று ஒட்டியிருந்தது. மிஷினில் மாட்டினார். பிளேடை எடுத்து, பசையைக் கீறி, நூலை அறுத்தார். ஒரு வளையம் கழன்று தரையில் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

"என்ன செய்றீங்க?"

"நான் கட்டுனத நான் எடுத்துக்கிறேன்."

தான் சுற்றியதில் ஓர் இழை விடாமல் சுரண்டினார். மொட்டைக் கம்பை நீட்டினார். வைகுண்டராஜின் முகம் கறுத்தது.

"நீ இல்லேன்னா எனக்கு வேற ஆளே கெடைக்க மாட்டானா?"

"கெடைப்பான் அண்ணாச்சி. வெளிய போங்க. கவிச்சி அடிக்குது."

கிடைத்தான். அடுத்த கோடையில் சின்னமனூர்ப் பக்கம் இன்னொரு கண்மாயில் போட்டி என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஏசுதாசன் மொக்கம்மாளைத் தேடிப் போய்க் கூட்டிக்கொண்டு, அந்த ஊர் டீக்கடையில் பெரியவர்களைப் பார்த்தார். நடந்ததையெல்லாம் மொக்கம்மாள் சொன்னாள். உள்ளங்கைத் தழும்பை ஏசுதாசன் காட்டினார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். காப்பி வாங்கிக் கொடுத்தார்கள்.

"நீங்க சொல்றது நெசந்தான். ஆனா அந்த அண்ணாச்சி கோயிலுக்கு மைக் செட் வாங்கித் தாரேன்னு சொல்லியிருக்காக. வாக்குக் குடுத்தாச்சே" என்றார் ஒருவர்.

மொக்கம்மாள் காப்பியைக் குடிக்காமல் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். எதிரே பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது காறி மண்ணில் துப்பினாள்.

"நாத்தம் எடுத்ததும் அவுகளும் ஒன் வாசலத் தேடித்தான் வருவாக. குழி வெட்டப் போயிராத."

"போக மாட்டேன் ஆத்தா" என்றார் ஏசுதாசன். பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தவர், நினைத்துக்கொண்டு இறங்கி, அந்தப் பெரியவர் இருந்த டீக்கடையைப் பார்த்துக் கத்தினார்:

"சுண்ணாம்பு நெறைய வாங்கி வச்சுக்கிருங்க!"