தையல்காரரின் நுரையீரலில் பன்னிரண்டு புள்ளிகள்

இருமல், காய்ச்சல், நுரையீரலில் ஓட்டை. இருபது வருஷமாக இதையே பார்த்துப் பழகிய நெஞ்சு நோய் டாக்டரம்மா, தையல்காரரின் ஸ்கேன் படத்தைப் பார்த்ததுமே டிபி என்று எழுதிவிட்டார். சளியில் கிருமி இல்லை என்று இரண்டு தடவை முடிவு வந்தும் மனுஷி அசைந்து கொடுக்கவில்லை. தையல்காரரைத் தனி அறையில் போட்டு, அவருடைய ஆறு வயது மகளை உள்ளே விடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். பத்து நாளாக அந்தக் குழந்தை கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று அப்பாவுக்குக் கையாட்டிவிட்டுப் போகிறது.

தையல்காரருக்குச் சிறுநீரகம் செத்துப் போய்விட்டது. கழுத்தில் செருகிய குழாய் வழியாக வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். "மிஷின்ல போட்ட அரை மணி நேரத்துல குளிர் தூக்கிப் போடுது டாக்டர்," என்று அவர் மனைவி படித்துப் படித்துச் சொன்னாள். டாக்டரம்மா காதில் போட்டுக்கொண்டால்தானே!

பதினோராம் நாள் காலை ஸ்கேன் டாக்டர் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, பழைய படத்தையும் புதுப் படத்தையும் அருகருகே வைத்தார்.

"அஞ்சு நாள் முன்னாடி ஏழு புள்ளி மேடம். இன்னிக்குப் பன்னிரண்டு. எல்லாமே நுரையீரல் ஓரத்துல, ரத்தக்குழாய் முனையில. டிபிக்கு இவ்வளவு அவசரம் ஏது? எங்கிருந்தோ ரத்தத்துல வந்து விழுது."

கழுத்துக் குழாய் இதயத்தின் வலது பக்கத்தில் போய் முடிகிறது. அங்கிருந்து ரத்தம் போவது நேரே நுரையீரலுக்கு. மிஷின் ஓடும்போதெல்லாம் குழாயிலிருந்த கிருமி ரத்தத்தில் கலந்ததால் வந்த குளிர் நடுக்கம் அது என்று டாக்டரம்மாவுக்கு இப்போதுதான் உறைத்தது. ரத்தத்தைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, உடனே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க வைத்தார். வலது பக்க வால்வில் கிருமி கூடு கட்டி, ரத்தம் பாயும்போதெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து பிய்ந்த துணுக்குகள்தான் அந்தப் புள்ளிகள்.

அறைக்குள் போய் டாக்டரம்மா முகக்கவசத்தைக் கழற்றினார். கட்டிலருகே நின்ற மனைவியிடம் முதலில் பேசினார்.

"நீங்க அன்னிக்கே சரியாச் சொன்னீங்கம்மா. நான்தான் கேக்கல. தப்பு என்னோடது."

பிறகு தையல்காரரிடம் திரும்பினார். "டிபி இல்ல. இதய வால்வுல கிருமி. குழாய எடுத்துடுவோம். ஆறு வாரம் ஊசி. ஆபரேஷனும் தேவைப்படலாம்."

"பொழைப்பேனா?"

"கஷ்டம்தான். பத்து நாள் வீணாப் போச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தையல்காரர் திட்டியிருந்தால்கூட டாக்டரம்மாவுக்கு ஆறியிருக்கும். மூச்சு வாங்க வாங்க அவர் கேட்டது வேறு.

"இது ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டாது."

"அப்போ கதவத் திறங்க."

டாக்டரம்மாவே போய்த் திறந்தார்.