காய்ச்சல் என்று எழுதினேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலைப் புத்தகத்தில் நோய்க்கென்று ஒரு கட்டம் உண்டு. காய்ச்சல், வயிற்றோட்டம், இருமல் என்று பெரிய துரை ஒப்புக்கொண்ட பெயர்களில் ஒன்றை அதில் எழுதினால், அந்த ஆள் அன்று காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போக வேண்டாம். கட்டம் காலியென்றால் ஆள் சுகம். இருபது வருடம் மருந்து கலக்கிய என்னை அந்தக் கட்டத்தின் முன் முழிக்க வைத்தவள் அழகம்மா.

ஐம்பத்தேழாம் வருட மார்கழி மழையில், தொழிலாளர் குடியிருந்த மேட்டு லயத்தின் மேல் மண் சரிந்தது. எட்டு மணி நேரம் கழித்து அவளைத் தோண்டி எடுத்தோம். மகளை இறுகக் கட்டிக்கொண்டு கிடந்தாள். பிள்ளைக்கு உயிர் இல்லை. இவள் உடம்பில் ஒரு கீறலும் இல்லை என்று லயமே கோயிலில் தேங்காய் உடைத்தது.

ஏழு மாதமாகியும் கதவைச் சாத்தினால் அவளுக்கு மூச்சு முட்டியது. தூறல் விழுந்தால் கூடையைப் போட்டுவிட்டு மலையிலிருந்து ஓடினாள். பூசாரி பேய் என்றார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, வேலைக்குக் கள்ளம் என்றார். இன்னொரு தடவை ஓடினால் வேலைப் பதிவில் பேரை வெட்டிவிடுவதாகவும் சொல்லிவிட்டார். பேர் போனால் குடியிருக்கும் காம்பராவும் போகும்.

அவள் புருஷன் இராமையா என்னிடம் வந்தான்.

"பைத்தியம்னு மட்டும் எழுதிறாதீங்கய்யா. கொழும்புப் பைத்தியாஸ்பத்திரிக்கு ஏத்திருவாங்க."

"பின்ன என்னான்னு எழுதச் சொல்ற?"

என்னிடமிருந்த தடித்த வைத்தியப் புத்தகத்தைப் புரட்டினேன். குண்டுச் சத்தத்தில் மனம் கலங்கிய சிப்பாய்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு ஒரு வரி இல்லை. எரிச்சலில் 'காய்ச்சல்' என்று எழுதினேன். மறுநாளும் எழுதினேன். பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் துரை புத்தகத்தைப் பார்த்தார். இத்தனை நாள் விடாத காய்ச்சல் தொற்றுநோய்தான், ஆளைத் தனியறையில் அடை என்று உத்தரவு போட்டார். மருந்துச்சாலைக்குப் பின்னால் ஜன்னலில்லாத அறை அது. நான் தடுப்பதற்குள் இரண்டு பேர் அவளை இழுத்துப்போய்ப் பூட்டினார்கள். முதலில் அலறல் கேட்டது. பிறகு கதவைப் பிறாண்டும் சத்தம். பிறகு அதுவும் நின்றது. நான் பாவி, துரை பங்களாவுக்கு ஓடினேன்.

"காய்ச்சல் இல்லீங்க தொரை. நாந்தான் பொய் எழுதினேன்."

"அப்போ என்னா வியாதி?"

"பயங்க. மண்ணுக்கடியில கெடந்தாளே, அந்தப் பயம்."

"அது புஸ்தகத்துல இருக்கா?"

"இல்லீங்க."

"அப்போ சொகம். நாளைக்கு வேலைக்கு வரணும்."

கதவைத் திறந்தபோது சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். விரல் நுனிகளில் ரத்தம். என்னைப் பார்த்து அந்தக் கைகளைக் கூப்பினாள். அவளை அங்கே அடைக்க வைத்தவனே நான் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் மண் சரிந்த இடத்துக்குக் கீழே உள்ள தேயிலை மலையில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். பத்து மணிக்கு மழை பிடித்தது. பதறிப்போய் மேலே ஏறினேன். அழகம்மா ஓடவில்லை. கடித்த உதட்டிலிருந்து ரத்தம் வழிய, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். ஓடினால் எங்கே அடைப்பார்கள் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

குடைக்குள்ளிருந்து கண்டாக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாக் கொணமாக்கிட்டீங்களேய்யா" என்றார்.