வேலை செய்த பொத்தான்

அட்டைப்பெட்டி ஆலையில் அவனுக்கு 'அறுவை' என்று பெயர். பேசியே ஆளைக் கொல்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும், அதனால் வந்த பெயர். சொந்தக் கத்தி கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. ஆலை கொடுத்த கத்தியோ நூலைக்கூட அறுக்காது. காகிதக் கட்டைப் பல்லாலா பிரிப்பது? மேற்பார்வையாளரும் பத்தொன்பது வருடமாகக் கண்டுகொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, பசை இயந்திரத்தில் நின்றிருந்த அவன் தங்கை புருஷனின் சட்டைக் கையை உருளைகள் கவ்வின. விரல்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. "மச்சான்!" என்று அலறினான். அறுவை பாய்ந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினான். இயந்திரம் நிற்கவில்லை. ஓங்கிக் குத்தினான். அது பாட்டுக்குச் சுற்றியது. கத்தியை விரித்து, மோட்டாரிலிருந்து ஓடும் பெல்ட்டின் மேல் வைத்து அழுத்தினான். படீரென்று அறுந்த பெல்ட் அவன் கன்னத்தைக் கிழித்தது. உருளைகள் நின்றன. மாப்பிள்ளைக்கு இரண்டு விரலோடு போயிற்று.

மறுநாள் விடிவதற்குள் புதுப் பொத்தான் வந்துவிட்டது. விசாரணையில் மேலாளர் கேட்டார்:

"பொத்தான் நல்லாத்தானே இருக்கு? எதுக்கு பெல்ட்ட அறுத்த?"

"நேத்து வேலை செய்யல சார். மாப்பிள்ளையவே கேளுங்க."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். "பொத்தான யாரும் அமுக்கல சார். அமுக்கியிருந்தா நின்னிருக்கும்."

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். இவன் கட்டுப் போட்ட கையாலேயே பறித்துவிட்டான். வேண்டுமென்றே சேதம் செய்ததாகவும், தானே விலகுவதாகவும் ஒரு கடிதத்தை மேலாளர் நீட்டினார். அறுவை கையெழுத்துப் போடவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்து வந்தான்.

சாயங்காலம் தங்கை வந்தாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று பாவி மனுஷன் நம்பினான்.

"புகார் குடுக்கப் போறியாமே அண்ணா?"

"ஆமா."

"அவர் பொய் சொன்னது வெளிய வந்துடும். உக்காந்து செய்யற வேலை தர்றேன்னிருக்காங்க. இந்தக் கைய வச்சுக்கிட்டு வேற எங்க போவாரு?"

"அப்ப நான் எங்க போறது?"

அவள் கைப்பையிலிருந்து அதே கடிதத்தை எடுத்து வைத்தாள்.

"நீதானே அண்ணா அவரக் காப்பாத்தின. பாதியில விட்டுடாத."

அவன் கையெழுத்துப் போட்டான். மை காயும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை.