தாத்தா துப்பாக்கிக்குப் புதுத் தோட்டா

ஞாயிற்றுக்கிழமையென்றால் அன்புமணி பட்டறையைத் திறப்பதில்லை. அன்றைக்குத் திறந்தது ஒரு மோட்டார் ஷாஃப்டுக்காக. தக்காளிச் செடி காய்ந்து போகுதென்று ஒரு விவசாயி சனிக்கிழமை ராத்திரி வரை போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். பாதி ஷட்டரை இறக்கிவிட்டு லேத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். மணி ஒன்று இருக்கும். குனிந்து இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

முன்னால் வந்தவன் முகேஷ்குமார். வடமதுரைப் பக்கம் ஐம்பது ஏக்கர் தோப்புக்காரர் வீட்டுப் பையன், இருபத்தாறு வயசு. அவர்கள் வீட்டுப் பம்புசெட்டுக்கு அன்புமணிதான் பல தடவை புஷ் போட்டுக் கொடுத்திருக்கிறான். பின்னால் வந்த அய்யனார் அந்த வீட்டு டிரைவர். உள்ளே வந்ததும் ஷட்டரை முழுசாக இறக்கினான்.

"அண்ணே, ஒரு சின்ன வேலை" என்று முகேஷ் ஒரு பழைய பனியன் துணியை மேஜைமேல் வைத்து விரித்தான்.

உள்ளே உள்ளங்கையளவு ரிவால்வர். நிக்கல் பூச்சு உரிந்து கறுப்புத் தட்டியிருந்தது. கூடவே ஆறு தோட்டா, எல்லாம் புதுசு, பித்தளை பளபளவென்று இருந்தது.

"எங்க தாத்தாவோடது. அவரு வச்சிருந்த தோட்டாவெல்லாம் பச்சை புடிச்சுப் போச்சு, ஒண்ணும் வெடிக்கல. இது ஒருத்தன்கிட்ட சொல்லி வாங்குனது. ஆனா பாருங்க." ஒரு தோட்டாவை உருளைக்குள் விட்டுக் காட்டினான். முக்கால்வாசி போய் நின்றது. பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்க, உருளை சுற்றவே இல்லை. "கொஞ்சம் உள்ள குடைஞ்சு விட்டீங்கன்னா போதும்."

அன்புமணி அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷமாக இரும்போடு கிடக்கிறவன். துப்பாக்கி பற்றித் தெரியாவிட்டாலும் உருளையின் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று கண்ணாலேயே தெரிந்தது. தோட்டா உட்காரும் ஆறு கண்ணில் ஒன்றின் ஓரத்தில் மயிரிழையாக ஒரு கீறல் வேறு.

"தம்பி, இது சின்னத் தோட்டாவுக்குச் செஞ்சது. அந்தக் காலத்து மருந்தும் மெதுவா எரியுறது. நீங்க கொண்டாந்தது நீளமும் சாஸ்தி, வேகமும் சாஸ்தி. குடைஞ்சா உள்ள போகும். ஆனா இந்த இரும்பு தாங்காது. வெடிச்சா எதுக்க நிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகாது, புடிச்சிருக்கவன் கைதான் போகும்."

"அது நான் பாத்துக்கிறேன்."

"யாரைச் சுடப் போறீங்க?"

அய்யனார்தான் சொன்னான். "ஊர்த் திருவிழாவுல தம்பிய அவரு சித்தப்பா மகன் செருப்பால அடிச்சுப்புட்டான். ஊரே பாத்துச்சு."

அன்புமணி துணியை மூடி அவன் பக்கம் தள்ளினான். "நான் செய்ய மாட்டேன் தம்பி. அம்மாவைக் கேட்டேன்னு சொல்லுங்க."

அடி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. பெரிய ஸ்பேனர் காதுக்குப் பின்னால் இறங்கியது. கீழே விழுந்தவனை அய்யனார் தூக்கி, இடது கையை வைஸுக்குள் வைத்து இறுக்கினான். தினமும் இரும்பைப் பிடித்து நிறுத்துகிற வைஸ். முதல் திருகலில் தோல் நசுங்கியது. இரண்டாவதில் சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் பச்சைக் குச்சி மாதிரி ஒடிந்தன. அன்புமணி கத்தினான். பக்கத்துக் கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"வலது கை இன்னும் இருக்கு. வேலை செய்யிறியா, அதையும் வைக்கவா?" என்றான் முகேஷ். ‘அண்ணே’ என்கிற மரியாதை போய்விட்டது.

அவன் செய்தான். ஒடிந்த கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, வலது கையாலேயே ஆறு கண்ணையும் குடைந்தான். தலையிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக முதுகுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே பாழாக்கிவிடலாமா என்று நடுவில் ஒரு நினைப்பு வந்தது. ஆனால் அய்யனார் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். அவன் மூச்சு கழுத்தில் பட்டது. வேலை முடிந்தபோது ஆறு தோட்டாவும் சொளக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தன. உருளை சுற்றியது. அதைப் பார்த்து முகேஷ் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான்.

"ஏறு வண்டில. நீயே சுட்டுக் காட்டு."

அன்புமணியின் போனைப் பட்டறையிலேயே வீசிவிட்டு அவனைப் பொலேரோவில் நடுவில் உட்கார வைத்தார்கள். வடமதுரை தாண்டி மண்பாதையில் திரும்பி, வெயிலில் வெறிச்சென்று கிடந்த ஒரு மானாவாரிக் காட்டில் வண்டி நின்றது. ஓரத்தில் ஒற்றைப் பனை, பக்கத்தில் ஒரு வறண்ட கிணறு. கைப்பிடிச் சுவர் இடிந்து விழுந்திருந்தது. அய்யனார் வண்டியிலிருந்து ஒரு அருவாளையும் இரண்டு சாக்கையும் எடுத்தான்.

அன்புமணி அந்தச் சாக்கையே பார்த்தான். சுட்டுப் பார்க்கப் பனைமரம் போதும். சாக்கு எதற்கு?

முகேஷ் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு ரிவால்வரை அவன் வலது கையில் வைத்தான். "அந்தப் பனைய சுடு."

"தம்பி, ஒரு கல்லுல வச்சுக் கட்டி, கயித்தால இழுத்துப் பாப்போம். பொய் சொல்லல, இது கையில வெடிக்கும்."

"அதுக்குத்தானே உன்னைக் கூட்டியாந்தது. வெடிச்சா உன் கையோட போகட்டும். வெடிக்கலைன்னா..." முகேஷ் கிணற்றைப் பார்த்தான். வாய் தவறி வந்ததை விழுங்கிக்கொண்டான்.

அன்புமணி துப்பாக்கியைத் தூக்கினான். பனையைப் பார்த்தவன் மெதுவாகத் திரும்பி முகேஷின் வயிற்றுக்கு நேரே நீட்டினான். நாலடி தூரம்.

அய்யனார் ஒரு எட்டு முன்னால் வந்தான். முகேஷ் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"ஏலே, நீதானே சொன்ன, எதுக்க நிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு? சுடு பாப்போம். கை போயிருச்சுன்னா உன் பொண்டாட்டியா வந்து லேத் ஓட்டுவா?"

உண்மைதான். அந்த வலது கை ஒன்றுதான் மிச்சம். அது சம்பாதிப்பதை வைத்துத்தான் அவன் மனைவி தீபா சோறு பொங்குகிறாள். விரல் விசையில் இருந்தது. இழுத்தால் என்ன ஆகுமென்று அந்தக் காட்டில் அவன் ஒருத்தனுக்குத்தான் சரியாகத் தெரியும். அய்யனார் செருப்பு மண்ணில் உரசும் சத்தம் பின்னால் கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தான்.

இடி விழுந்த மாதிரி இருந்தது. காது அடைத்துப்போனது. கண்ணைத் திறந்தபோது உருளையின் ஒரு பக்கத்தையே காணோம், மேல்தகடு வில்லாக வளைந்து நின்றது. கட்டைவிரல் இருந்த இடத்தில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. கன்னத்தில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு போயிருந்தது. எதிரே முகேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, யாரோ பின்னாலிருந்து அழுத்தி உட்கார வைத்த மாதிரி உட்கார்ந்தான். கை விரல்களுக்கு நடுவே ரத்தம் கொப்பளித்தது. சுட்டவனுக்கும் விழுந்தது, சுடப்பட்டவனுக்கும் விழுந்தது.

அய்யனார் கத்திக்கொண்டே வெட்டினான். தலைக்கு வந்த அருவாள், அன்புமணி ஒதுங்கியதில் தோள்பட்டையில் இறங்கி எலும்பில் சிக்கியது. அதை அவன் பிடுங்குவதற்குள் அன்புமணி முழு உடம்போடு அவன்மேல் விழுந்தான். இரண்டு பேரும் உருண்டார்கள். அய்யனார் கட்டைவிரல் போன காயத்தைத் தேடிப் பிடித்துத் திருகினான். அன்புமணி அவன் காதைக் கவ்விக் கடித்தான். வாயெல்லாம் உப்பு. உதறி எழுந்த அய்யனார் இரண்டடி பின்னால் வைத்தான். மூன்றாவது அடிக்குத் தரையில்லை. இடிந்த சுவரின் கற்களோடு கிணற்றுக்குள் போனான். விழுந்த சத்தம் வர செத்த நேரம் ஆனது. பிறகு முனகல் கேட்டது.

அன்புமணி ரோட்டைப் பார்த்து நடக்கத்தான் எழுந்தான். பத்து எட்டுப் போயிருப்பான். "அண்ணே" என்று முகேஷ் கூப்பிட்டான்.

திரும்பி வந்தான். ஏன் வந்தானென்று பிறகு வக்கீல் கேட்டபோதும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. முகேஷின் பையிலிருந்து போனைப் பல்லால் கடித்து இழுத்தான். அவசர அழைப்புக்கு விரல்ரேகை தேவையில்லை என்பது அப்போது தோன்றவே இல்லை. முகேஷின் விரலை அவன் சட்டையிலேயே துடைத்து, போனில் வைத்துத் திறந்து, முழங்கையால் 108-ஐ அமுக்கினான். இடம் சொன்னான். மூன்று பேர் என்று சொன்னான்.

"எரியுதுண்ணே" என்றான் முகேஷ்.

"பேசாத. வண்டி வருது." பொலேரோவில் கிடந்த ஒரு துண்டை எடுத்து உருட்டி அவன் வயிற்றில் வைத்து, வேறு வழியில்லாமல் தன் முழங்காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான். அன்புமணியின் தோளிலிருந்து வடிந்ததும் அந்தத் துண்டில்தான் விழுந்தது.

முகேஷ் ஆஸ்பத்திரி வாசல் வரை உயிரோடு இருந்தான். அய்யனாரைத் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டித் தூக்கினார்கள். இடுப்பு போய்விட்டது, உயிர் போகவில்லை. அன்புமணிமேல் கொலை வழக்கு. கட்டிலில் விலங்கோடு பதினேழு நாள், பிறகு சிறையில் மூன்று மாதம், அதற்கப்புறம்தான் ஜாமீன். தீபா அவனைப் பார்க்க மனுப் போடும் நாளெல்லாம் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள், அழவில்லை.

அவனை விடுதலை பண்ணியது அய்யனார் சாட்சிதான். சக்கர நாற்காலியில் வந்தவன் யார் முகத்தையும் பார்க்காமல், "அவரு முடியாதுன்னுதான் சொன்னாரு. கைய நான்தான் நசுக்குனேன். சாக்கும் நான்தான் எடுத்தேன்" என்றான். தற்காப்பு என்று கோர்ட் ஒத்துக்கொள்ள ஒன்றரை வருஷம் ஆனது.

பட்டறையை மறுபடி திறந்து பத்து நாள் இருக்கும். கட்டைவிரல் இல்லாத கையால் வேலை பழகிக்கொண்டிருந்தான். ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார். முகேஷின் அம்மா. தனியாக வந்திருந்தார்.

அன்புமணி லேத்தை நிறுத்தினான். "வாங்கம்மா" என்றான்.

"மாமனார் செத்தப்போ துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொன்னாங்கப்பா" என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காணோம்னு எழுதிக் கொடுத்தது நான்தான். ஆம்பளைப் பிள்ளை இருக்கிற வீடாச்சேன்னு, நெல்லுக் குலுக்கைக்குள்ள போட்டு வச்சிருந்தேன். கோர்ட்டுல யாரும் என்னைக் கேக்கல. உங்கிட்டயாவது சொல்லணும்னு வந்தேன்."

அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். மறுப்பாரென்று நினைத்தான். அவர் உட்கார்ந்தார். அவர் எழுந்து போகும்வரை அவன் லேத்தைப் போடவில்லை.