சல்மா உம்மா வீட்டு வாசல் கல்

என் புருசன் இஹ்ஸானுக்குக் கல்முனை பசாரில் ஒரு ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. ஆணி கேட்டு வருகிறவருக்கும் பரம்பரைப் பெருமை சொல்லித்தான் ஆணியைக் கொடுப்பார். அதனால், பிரதான வீதியோரம் வரலாற்றுக் கற்கள் நடப்போகிறோம், ஊருக்கு நன்மை செய்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஒரு கமிட்டி அறிவித்ததும், இவர் கடையைப் பூட்டிவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றார்.

இவர் சொன்னது தன் மூத்தாப்பாவைப் பற்றி, அதாவது வாப்பாவின் வாப்பா ஸைனுலாப்தீன் போடியாரைப் பற்றி. போடியார் ஏக்கர்க்கணக்கில் வயல் செய்தவர். ஐம்பத்தேழாம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் மாவடிப்பள்ளிப் பக்கம் நீரில் மூழ்கியபோது, சாய்ந்தமருதில் இருந்த தன் மாடி வீட்டில் சனத்தை ஏற்றி, கஞ்சி ஊற்றிக் காப்பாற்றினாராம். கமிட்டிக்குக் கதை பிடித்துவிட்டது. கருங்கல்லில் "ஸைனுலாப்தீன் போடியார் இல்லம்" என்று வெட்டியும் ஆயிற்று. இவர் அதைப் போனில் படம் எடுத்து, சவூதியில் இருக்கும் தம்பி வரைக்கும் அனுப்பிவிட்டார். விழாவுக்கென்று புதுச் சேட்டும் வாங்கிவிட்டார்.

கல்லை நட வேண்டிய இடம் அந்த வீட்டு வாசல். அங்கே இப்போது இருப்பது றுகையா ராத்தா, இவருடைய மாமி மகள், அதாவது வாப்பாவின் அக்காவுக்குப் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். உம்மா மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். மருதமுனையில் நாங்கள் இருப்பதும் என் உம்மா எனக்குத் தந்த வீடுதான். இவர் இத்தனை வருடமாக அதில் இருக்கிறார், எந்த சுவிட்ச் எந்த லைட்டுக்கு என்று இன்னும் தெரியாது.

குழி தோண்ட ஆட்களோடு போனோம். ராத்தா கேட்டடியில் நின்று கல்லை நிதானமாக வாசித்தார். பிறகு, இந்த வீடு போடியாருக்கு எப்போது சொந்தமாக இருந்தது என்று கேட்டார். வேலையாட்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். எங்கள் ஊர் ஆம்பிளைகள் எவருக்கும் பயப்பட மாட்டார்கள், ஆனால் வீட்டுக்காரி வேண்டாமென்றால் அவள் வாசலில் ஒரு பிடி மண்ணையும் தொட மாட்டார்கள்.

ராத்தா எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, தன் உம்மா சிறுபிள்ளையாக இருந்து பார்த்ததைச் சொன்னார். வீடு போடியாரின் மனைவி சல்மா உம்மாவுடையது. வெள்ளத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, தயிர் புளித்துவிட்டது என்று தொடங்கிய சண்டையில் போடியார் கோபித்துக்கொண்டு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கியபடி மாவடிப்பள்ளியில் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ஆள் அனுப்பியும் வரவில்லை. கடைசியில் வெள்ளம்தான் அவரைக் கொண்டுவந்தது. தோணிகளில் வந்த சனத்தையெல்லாம் சல்மா உம்மா மாடிக்கு ஏற்றிக்கொண்டிருக்க, கடைசித் தோணியில் நனைந்த தலையணையோடு போடியாரும் வந்து இறங்கினார்.

"இருட்டுக்குள்ள ஆர் எண்டு மூத்தம்மா கேட்டாவாம். 'நான்தான்' எண்டாராம்," என்றார் ராத்தா. "'வாற எல்லாருந்தான் நான்தான் எண்டுறாங்க. ஏறி வந்து கஞ்சிக்கு வரிசைல நில்லுங்க' எண்டாவாம். மனுசன் நிண்டாராம்."

இவருக்கு முகம் செத்துவிட்டது. தன் வாப்பா இதைச் சொன்னதே இல்லையே என்றார். ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள் என்று ராத்தா கேட்டார். வீடு யாருக்குப் போனதோ, கதையும் அவர்களோடுதான் போயிருக்கிறது. சல்மா உம்மாவின் பெயரை வெட்டினால் தாராளமாக நடலாம், போடியாரின் மானத்துக்காக அவர் சங்கதியை விட்டுவிடுவோம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் போனில் இருந்த கல்லின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கல்லை அப்படியே நம் வாசலில் நட்டால் என்ன என்று ஒரு யோசனை சொன்னார். போடியார் மருதமுனையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை, என் வாசலில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டேன். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேனே, இனி எந்த முகத்தோடு கடையைத் திறப்பேன் என்று தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கோப்பையைக் கீழே வைத்தார்.

"புள்ள, எங்கட வாப்பா வெள்ளத்துக்கு அடுத்த வருசம் பொறந்தவர்."

"ஓம்."

"அவ அண்டைக்கு ஏத்தாம உட்டிருந்தா வாப்பாவும் இல்ல, நானும் இல்ல."

உடனே கமிட்டியிடம் போனார். கல்லைத் திருப்பி மறுபக்கத்தில் வெட்ட அவரே வாசகம் சொன்னார். ராத்தா விட்டுவிடச் சொன்னதை இவர் விடவில்லை.

விழாவில் ஒரு பிரமுகர், கல்லில் என்ன இருக்கிறது என்று பாராமலே, போடியாரின் தாராள மனசைப் பற்றி வெகுநேரம் பேசினார். பேசிவிட்டுத் துணியை இழுத்தார். "சல்மா உம்மா இல்லம். 1957 பெருவெள்ளத்தில் அயலூர் மக்களுக்கு இவர் தஞ்சம் அளித்தார். அவர்களுள் இவருடைய கணவர் ஸைனுலாப்தீன் போடியாரும் ஒருவர்." பிரமுகர் அதை இரண்டு தரம் வாசித்தார். கூட்டத்தில் முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு வீதியே சிரித்தது. அத்தனை பேரும் பெண்சாதி வீட்டில் இருக்கிறவர்கள், அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இவர் காது சிவக்க அசையாமல் நின்றார்.

இது உங்கள் மூத்தாப்பாவா என்று ஒருவர் கிட்டவந்து கேட்டார்.

"ஓம்," என்றார் இவர். "அந்தக் கஞ்சில தழைச்ச குடும்பம் நாங்க."

றுகையா ராத்தா கேட்டை அகலத் திறந்து, வெயிலில் நிற்காமல் எல்லோரும் உள்ளே வாருங்கள் என்றார். இவர்தான் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். எனக்கு என் புருசனை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கல் நட வேண்டும் என்பார்.